இரண்டாம் ரிவியூவரின் ஏழு வரிகள்

1 செப்டம்பர் 2025, திங்கள்

மூன்றாம் பீரியடுக்கும் நான்காம் பீரியடுக்கும் நடுவில் ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து மெயில் வந்தது. ஸ்டாஃப் ரூமில் இட்லி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். என் பேப்பரை மதிப்பிட மூன்று ரிவியூவர்கள். முதலாமவர்: நல்ல வேலை, சில எழுத்துப் பிழைகள் மட்டும், முடிந்தால் மோட்டார் ஓடும் வீடியோ ஒன்று இணைக்கவும். மூன்றாமவர்: ஏற்கலாம். இரண்டாமவர் —

ஏழு வரி. பதினான்கு மாதம் உழைத்து எழுதின முப்பத்தொரு பக்கத்துக்கு ஏழே வரி! முதல் ஆறு வரி சும்மா சுற்றி வளைப்பு. ஏழாவது: "சிமுலேஷனின் ஸ்டெப் அளவு என்ன? கட்டுரையில் எங்கும் சொல்லப்படவில்லை."

இதெல்லாம் ஒரு கேள்வியா? கம்ப்யூட்டர் கணக்குப் போடும்போது நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளும். அந்தத் துண்டின் அளவுதான் ஸ்டெப். விருந்து சமைத்துப் போட்டால், வெங்காயத்தை எந்தக் கத்தியில் நறுக்கினீர்கள் என்று கேட்கிற ஆள் இவர். பேப்பரைப் படிக்கவே இல்லை. படித்திருந்தால் இப்படிக் கேட்க வருமா?

இட்லி அப்படியே இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

2 செப்டம்பர்

அக்டோபர் 31. நீட்டிப்பு எல்லாம் சேர்த்து என் பிஎச்டி ரெஜிஸ்ட்ரேஷன் அன்றோடு முடிகிறது. அதற்குள் இந்த ஒரு பேப்பர் அக்செப்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஏழு வருடமும் போச்சு. இதை அந்த இரண்டாமவருக்கு யார் சொல்வது?

3 செப்டம்பர்

இரவுச் சாப்பாட்டின்போது, "அப்படி என்னதாம்மா அந்தப் பேப்பர்ல இருக்கு?" என்று ஸ்நேகா கேட்டாள். எட்டாம் வகுப்பு. சரி, சொல்லிப் பார்ப்போம் என்று சொன்னேன்.

ஒரு மோட்டார். அதில் ஒரு இரும்புக் கை. நான் போட்டுக் கொடுத்த பாதையில் கை ஆடிப் போக வேண்டும். உராய்வு எவ்வளவு, நுனியில் தொங்கும் எடை எவ்வளவு — கம்ப்யூட்டருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. வழக்கமாக என்ன செய்வார்கள்? நொடிக்கு நூறு தடவை மோட்டாருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பார்கள். என் முறையில் அந்தத் தொணதொணப்பு கிடையாது. கடைசியாகச் சொன்ன உத்தரவுக்கும் இப்போது தேவைப்படும் உத்தரவுக்கும் வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் புது உத்தரவு. கை பாதையை நெருங்க நெருங்க அந்த வரம்பும் சின்னதாகிக்கொண்டே போகும். அதனால் கடைசியில் பிழை பூஜ்யம். துல்லியமாகப் பூஜ்யம். அதுதான் என் பேப்பரின் பெருமை.

"அப்போ என்னை மட்டும் ஏன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கிட்டே இருக்க?" என்றாள். சுகுமாருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அப்பனும் மகளும் நல்ல ஜோடி.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். அதோடு என் நல்ல நேரம் முடிந்தது.

முதல் ரிவியூவர் கேட்ட வீடியோவுக்காக லேபுக்குப் போனேன். கை ஓடுகிறது, அழகாக ஓடுகிறது, பாதையில் வந்து சேரும் நேரத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். லேப் டெக்னீஷியன் சாலமன் உடனே ஆரம்பித்தார்.

"போன மாசத்துலேர்ந்தே சொல்லிகினு கீறேன் மேடம். கை தூரமா இருக்கசொல்ல கம்முனு கீது. கரெக்டா கோட்டாண்ட வந்து குந்துற நேரத்துலதான் கிர்ர்ருனு கத்துது."

"கியர்ல கிரீஸ் போடுங்க."

"போட்டேன் மேடம்."

"நல்லாப் போடுங்க."

இந்தச் சத்தத்தோடு வீடியோ அனுப்பினால் இரண்டாமவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

9 செப்டம்பர், செவ்வாய்

கியரையே மாற்றியாகிவிட்டதாம். சத்தம் அப்படியே. இந்த லேபில் எதுவும் உருப்படாது. கேட்டால், "கியர்ல ஒண்ணும் இல்ல மேடம்" என்று அதே பாட்டு. பிறகு எதில் இருக்கிறதாம்?

12 செப்டம்பர், வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஆராய்ச்சிக் கருவிகளின் பராமரிப்பில் தொடர் அலட்சியம்" என்று, தேதி போட்டு, பெயர் போட்டு, ஷ்யாம்சுந்தர் சாரிடம். எனக்கு அவர் கைடு, டிபார்ட்மெண்டுக்கு அவர்தான் தலைவர், ஆகவே ஒரே மேஜையில் வேலை முடிந்தது. சாயங்காலத்துக்குள் சாலமனுக்கு மெமோ போய்விட்டது, பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று.

மனசுக்குத் திருப்தியாக இருந்தது. என் டைரியில் நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

17 செப்டம்பர், புதன்

இரண்டாமவருக்கு நான்கு பக்கம் பதில் எழுதினேன். நான்கு பக்கமும் நெருப்பு. சுருக்கம் இதுதான்: ஐயா, என் முறையில் உத்தரவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக்கொண்டே போய் முடிவில்லாமல் குவிந்துவிடாது. இரண்டு உத்தரவுகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு இடைவெளி உண்டு என்று பதினேழாம் பக்கத்தில் நிரூபித்திருக்கிறேன். அட்டவணை இரண்டில் எண்ணும் இருக்கிறது: குறைந்தபட்ச இடைவெளி 0.01 நொடி. நிரூபணம் இருக்கும்போது சிமுலேஷனை எப்படி நறுக்கினேன் என்பது தங்களுக்கு எதற்கு?

"எதற்கு" என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கொஞ்சம் மரியாதையாக மாற்றினேன். சார் படித்துவிட்டு, "கோபம் தெரியுதும்மா, கொறச்சிக்கோ. ரெண்டு பேர் ஓகே சொல்லியாச்சு. இந்த ஆளைப் பெருசா எடுத்துக்காத" என்றார். சரி, குறைத்து எழுதி மாதக் கடைசியில் அனுப்பலாம்.

22 செப்டம்பர், திங்கள்

பெருங்களத்தூரைத் தாண்ட நாற்பது நிமிடம். ஸ்கூட்டி ஹாண்டில் மேல் தலையை வைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொன்பது நாள்.

26 செப்டம்பர், வெள்ளி

சாலமனின் விளக்கக் கடிதம் வந்துவிட்டது. சார் சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், தமிழில், பரீட்சை பேப்பர் மாதிரி ஓரம் மடித்து. ஆகஸ்ட் 28, காலை 10.42, கை பாதையை அடையும்போது சத்தம். ஆகஸ்ட் 29, மதியம் 2.15, அதே இடத்தில் சத்தம். இப்படிப் பதினாறு பதிவுகள். கடைசியில்:

"செப்டம்பர் 8 அன்று கியரை முழுவதும் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டினேன். அப்போதும் சத்தம் வந்தது. ஆகவே பழுது கியரில் இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து வரும் உத்தரவில் இருக்கலாம் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

உத்தரவில் இருக்கலாமாம்! என் அல்காரிதத்தில்! ஸ்பேனர் பிடிக்கிற ஆள், லியாபுனோவ் முறைப்படி நான் போட்ட கணித நிரூபணத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எவ்ளோ திமிர் இருந்தா இப்டி எழுதுவான்? அதுவும் தாழ்மையுடன்!

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "உன் த்ரெஷோல்டு, அதான் அந்த வரம்பு, ரொம்பச் சின்னதும்மா" என்றார் சுகுமார். அவரோடும் பேசவில்லை.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளைக்கு லீவு என்பதால் காலேஜில் இன்றே ஆயுத பூஜை. சாலமன் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர், ஆனால் எங்கள் லேபின் ஆயுத பூஜை வருடா வருடம் அவர் கையில்தான். காலையிலிருந்து ஒவ்வொரு கருவியாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். என் மோட்டாருக்கும் வைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருக்கும்போது ஃபாயிசா வந்தாள். சாரிடம் இரண்டாம் வருடம் ஆராய்ச்சி செய்கிறவள், நல்ல பெண். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, எப்போ புது உத்தரவு போடணும்ங்கற உங்க கண்டிஷனைத்தான் என் செகண்ட் பேப்பர்ல அப்படியே எடுத்திருக்கேன். ஆனா உங்களுக்கு மினிமம் கேப் பாயின்ட் ஸீரோ ஒன் வருது, எனக்கு பாயின்ட் ஸீரோ ஸீரோ ஒன்தான் வருது. எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல. ஒரு வாரமா தேடுறேன், கிடைக்கல."

"உன் ஸ்டெப் சைஸ் என்ன?" என்று கேட்டேன்.

கேட்டது நான். என் வாய். சுண்டலை மென்றுகொண்டே, ரொம்ப சாதாரணமாக, இரண்டாமவரின் ஏழாவது வரியை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறேன்.

"பாயின்ட் ஸீரோ ஸீரோ ஒன்க்கா. ஏன்?"

என் ஸ்டெப் 0.01. அட்டவணையில் இடைவெளியும் 0.01. அவள் ஸ்டெப் 0.001. அவள் இடைவெளியும் 0.001.

பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். இரவு லேப்டாப்பைத் திறக்கவில்லை. தலைவலி என்று சுகுமாரிடம் சொன்னேன். தலைவலி இல்லை.

1 அக்டோபர், புதன்

சரஸ்வதி பூஜை. இன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எழுதுகிறேன், அவள் மன்னிக்கட்டும்.

லேப்டாப் மணைப் பலகையில் இருக்கிறது. மேலே ஸ்நேகாவின் கணக்குப் புத்தகம், அதன்மேல் செவ்வந்திப் பூ. மூடியில் சுகுமார் மூன்று விரலால் சந்தனம் இழுத்திருக்கிறார். நேற்று ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. இன்று தொடக்கூடாது என்றதும் கை துறுதுறுக்கிறது. பத்து மணிக்கு ஒருதரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைல எடுத்துக்கோயேன். ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

என்ன ஆகப்போகிறதா? இருபத்தொன்பது நாள் ஆகப்போகிறது!

வடைக்கு மாவு அரைத்துக்கொண்டே மனசுக்குள் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு உத்தரவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்பது, வரம்பை, தேவைப்படும் உத்தரவு மாறும் வேகத்தால் வகுத்தால் வருவது. கை பாதையை நெருங்கினால் வரம்பு பூஜ்யத்துக்குப் போகிறது. நான்தான் போக வைத்தேன், அதுதானே என் பெருமை. வேகம்? உராய்வும் தெரியாத எடையும் இருக்கும்வரை வேகம் பூஜ்யத்துக்குப் போகாது. மேலே இருப்பது கரைகிறது, கீழே இருப்பது கரையவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "இதிலிருந்து இடைவெளி பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும் என்பது தெளிவு." தெளிவு! நிரூபிக்க முடியாத இடத்தில் தெளிவு என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். மாணவர்கள் இப்படி எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான்.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. விடிந்ததும் குளித்து, கும்பிட்டு, லேப்டாப்பை எடுத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்து கீபோர்டில் விழுந்தது.

ஸ்டெப்பை 0.001 ஆக்கினேன். இடைவெளி 0.001.

0.0001. இடைவெளி 0.0001.

இன்னும் ஒரு பூஜ்யம் சேர்த்தேன். ஃபேன் ஊளையிட்டது. ஸ்நேகா எழுந்து, பல் தேய்த்து, பால் குடித்து முடிக்கும்வரை ஓடியது. நான் கொடுத்த எண்ணையே திருப்பிக் கொடுத்தது.

இடைவெளியே கிடையாது. அட்டவணை இரண்டில் நான் அச்சடித்திருந்தது என் கத்தியின் அகலம், வெங்காயத்தின் அளவு இல்லை. அந்த மனிதர் கேட்டது கத்தியைப் பற்றித்தான், சரியாகத்தான் கேட்டார். நான்கு பக்கம் நெருப்பு எழுதினேனே! நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். பாதையில் வந்து உட்காரும் நேரத்தில் உத்தரவு மேல் உத்தரவாகக் குவிந்து மோட்டார் கத்தியிருக்கிறது. வேறென்ன? ஆகஸ்ட் 28-ஆம் தேதி காலை 10.42-க்கே ஒருவர் காதால் கேட்டு எழுதி வைத்துவிட்டார். அவருக்கு நான் மெமோ வாங்கிக் கொடுத்தேன். கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

3 அக்டோபர், வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தார். புரிந்துவிட்டது, மறுக்கவில்லை. ஏதோ ஒரு வழி சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். சொன்னார்.

"அவர் கேட்டது என்ன? ஸ்டெப் எவ்வளவுன்னு. பாயின்ட் ஸீரோ ஒன்னுன்னு பதில் போடு. அது உண்மைதானே? அதுக்கு மேல யாரும்மா கேட்டா? அவரா கண்டுபிடிச்சா அப்போ பாத்துக்கலாம்."

"ஃபாயிசா என் கண்டிஷனை எடுத்திருக்கா சார்."

"அவளையும் பாயின்ட் ஸீரோ ஒன்னே போடச் சொல்லு. ரெண்டு பேப்பரும் ஒத்துப்போகும்."

ஒத்துப்போகுமாம். இதை ஒரு புரொஃபசர் சொல்கிறார், பின்னால் சுவரில் விருதுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு வாரமா தன் தப்பைத் தேடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா அந்தப் பொண்ணு, அது என் தப்புடா சாமி! அவ கண்டுபிடிச்ச ஒரே சரியான எண்ணை அழிச்சிட்டு என் பொய்யை எழுதச் சொல்லணுமா? நானா? "யோசிக்கிறேன் சார்" என்றேன். யோசிக்கிறேனாம். எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

5 அக்டோபர், ஞாயிறு

சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரியை இரண்டு சுற்று நடந்தோம். சுகுமாரிடம் முழுசாகச் சொன்னேன்.

"எங்க சிறுசேரி சாஃப்ட்வேர் கம்பெனில இதுக்குப் பேரு 'தெரிஞ்ச குறை'. ஒரு லிஸ்ட்ல போட்டுட்டு ரிலீஸ் பண்ணிடுவோம்."

"லிஸ்ட்ல போடுவீங்கல்ல? இவர் லிஸ்ட்லயே போடாதேங்கறார்."

"ஏழு வருஷம் தீபா. ஸ்நேகாவுக்கு ஸ்கூல் டை கட்டத் தெரியாத வயசுலேர்ந்து." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இப்ப பின்வாங்கினா அக்டோபருக்குள்ள திரும்ப வராது. தெரியும்ல?"

தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நடக்க வந்த நாலைந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இவரை முறைத்துவிட்டுப் போனார்கள், பாவம்.

6 அக்டோபர், திங்கள்

இரண்டு கடிதம் அனுப்பினேன்.

ஒன்று பத்திரிகை ஆசிரியருக்கு. இரண்டாம் ரிவியூவரின் கேள்வி சரியானது, பதினேழாம் பக்க நிரூபணம் தவறு, அட்டவணை இரண்டு தவறு, திருத்தி அனுப்ப அவகாசம் வேண்டும். மொத்தம் ஏழு வரி. ஃபாயிசாவுக்கு ஒரு நகல்.

இன்னொன்று சாருக்கு, சாலமன்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக, காரணத்தோடு. அதன் நகலை லேபுக்கு எடுத்துப் போனேன். சாலமன் நின்றபடியே படித்தார். மன்னிப்பும் வாயால் கேட்டேன்.

"அந்த லெட்டரு என் ஃபைல்ல கீது மேடம். இதையும் அதே ஃபைல்ல வெக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். பரவாயில்லை மேடம் என்று சொல்லவில்லை. நான் ஏன் எதிர்பார்த்தேன்?

7 அக்டோபர்

சார் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. சொல்லாட்டிப் போகட்டும்.

18 அக்டோபர், சனி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம். இரும்புலியூரிலிருந்தே வண்டிகள் நிற்கின்றன. ஊரே தெற்கே போகிறது, நான் நடுவில் மாட்டிக்கொண்டு லேபுக்குப் போகிறேன். ஒரு பஸ் டிரைவர் என் ஸ்கூட்டியைப் பார்த்து, "இன்னாமா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். "நீங்க சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வழி ஒன்று இருக்கிறது. எளிய வழி. பிழை பூஜ்யமாகும்போது வரம்பையும் பூஜ்யத்துக்கு விடாமல், கூடவே ஒரு சின்ன நிலையான எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். அப்போது இடைவெளி உண்மையிலேயே இருக்கும், ஒழுங்காக நிரூபிக்கவும் முடிகிறது, எங்கேயும் 'தெளிவு' போட வேண்டியதில்லை. ஆனால் கை பாதையைத் துல்லியமாகத் தொடாது. பக்கத்தில் வந்து, அரை டிகிரிக்கும் குறைவாகத் தள்ளியே கூடப் போகும், எப்போதும். தலைப்பில் இருந்த 'துல்லியமான' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். ஏழு வருடமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சொல்.

31 அக்டோபர், வெள்ளி

இன்றோடு ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. ஐந்தாம் பீரியட் இருந்தது, எடுத்தேன்.

14 நவம்பர்

ஃபாயிசா தன் பேப்பரில் புதுக் கண்டிஷனைப் போட்டுவிட்டாள். சார் திட்டினாராம். "அக்கா பண்ணிட்டாங்க சார், நானும் பண்ணிட்டேன்னு சொன்னேன்" என்கிறாள். இந்தப் பெண்ணுக்கு இருக்கும் தைரியம் எனக்கு முதல் நாளே இருந்திருந்தால் அந்த "யோசிக்கிறேன் சார்" வந்திருக்காது.

19 டிசம்பர், வெள்ளி

பேப்பர் அக்செப்ட் ஆகிவிட்டது. ஏழு வாரம் தாமதமாக! இரண்டாமவர் எழுதியது ஒரே வரி: "நன்றி. வேறு கேள்வி இல்லை." இவ்வளவுதானா? ஒருத்தியின் ஏழு வருடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு நல்ல வார்த்தை சேர்த்து எழுத மனசு வரவில்லையா? இருந்தாலும் நன்றியுரையில் அவரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன், அடுத்து சாலமனை.

ஜனவரியில் புது ரெஜிஸ்ட்ரேஷன், குரோம்பேட்டைப் பக்கம் வேறு காலேஜ், வேறு கைடு. "மறுபடியும் ஃபர்ஸ்ட் இயராம்மா?" என்று ஸ்நேகா கேட்டாள். ஆமாம், ஃபர்ஸ்ட் இயர்.

மத்தியானம் வீடியோ எடுத்தோம். கை ஆடியது, பாதைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது, சேர்ந்து போனது. சாலமன் மோட்டார்மேல் காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. லேப் ரெஜிஸ்டரை எடுத்து, 'குறைபாடு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். 'இல்லை'யை அடித்துவிட்டு '0.4 டிகிரி' என்று எழுதினேன்.

"இன்னா மேடம் இது! கத்தசொல்ல எழுதுனேன், மெமோ குடுத்தீங்க. இப்ப நல்லா ஓடுதுன்னு எழுதுனா அதையும் அடிக்கிறீங்களே!"

முதல் தடவையாக என்னிடம் கோபப்பட்டார், லேபே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நான் 0.4-க்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட்டு, ரெஜிஸ்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.